‘தி சன்செட் ட்ரீ’ ஆல்பத்தைக் காகிதமும் பென்சிலுமாகக் கேட்பது எப்படி

இந்த ஆல்பத்தைப் பஸ்ஸில் போகும்போது கேட்காதீர்கள். சமைத்துக்கொண்டே கேட்காதீர்கள். பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு முக்கால் மணி நேரம் உங்களுக்கென்று கிடைக்குமா? கிடைத்தால் உட்காருங்கள். 13 பாட்டுகளும் அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் 19 ஆண்டுகளாகப் புரூஃப் பார்க்கிறேன். எதைப் படித்தாலும் பென்சிலைத் தேடும் கை எனக்கு. 2020 டிசம்பரில் என் தம்பி ஒரு பாட்டை அனுப்பினான். “அக்கா, நம் வீட்டுப் பாட்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்” என்று மட்டும் எழுதியிருந்தான். ‘தி மவுண்டன் கோட்ஸ்’ என்ற அமெரிக்க இண்டி ராக் குழுவின் ‘தி சன்செட் ட்ரீ’ ஆல்பத்தில் வரும் ‘திஸ் இயர்’ என்ற பாட்டு அது. ஊரடங்கும் சாவுச் செய்திகளுமாகப் போன அந்த ஆண்டின் முடிவில் உலகமெங்கும் பலர் அதைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த வருஷத்தை எப்படியாவது தாண்டிவிடுவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பல்லவி அதற்கு. அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் பொருந்திப் போயிற்று.

எனக்கு அன்றைக்குப் பல்லவி மட்டுமே புரிந்தது. ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தால் புரிந்துகொள்வேன். வேகமாகப் பாடினால் பாதி நழுவிவிடும். மறுநாள் அச்சகத்தில் சொற்களை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு வந்து, இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் கேட்டது வெற்றி முழக்கம் இல்லை என்று. அடிவாங்கப் போகிறோம் என்று தெரிந்தே வீட்டுக்கு வண்டி ஓட்டிவரும் 17 வயதுப் பையனின் பாட்டு அது. ஆல்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் 12 பாட்டுகளையும் கேட்காமல் அதை மட்டும் கேட்டவர்கள், கதவைத் திறந்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் திரும்பியவர்கள். ஆகவே இந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்கி ஆல்பத்தின் கடைசிப் பாட்டு வரை போய்ச் சேரும் வழியை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்களும், அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்களும் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

தேவையானவை மூன்றே. காதை மூடும் ஹெட்போன், நல்ல பென்சில், 13 பாட்டுகளின் சொற்களும் அச்சிட்ட தாள்கள். செல்போன் திரையில் சொற்களைப் பார்த்துக்கொண்டு கேட்பது வேறு அனுபவம். விரல் தன்னால் மேலே தள்ளிக்கொண்டே போகும், கண் பாட்டுக்கு முன்னால் ஓடிவிடும். தாளில் வரிகளுக்கு நடுவே நன்றாக இடம் விட்டு அச்சிடுங்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு போதும். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும், அதற்குக் கடைசியில் வேலை இருக்கிறது. அகராதியை முதல் நாள் எடுக்கவேண்டாம். புரியாத சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும், மிக அதிகம் வேண்டாம். குழு என்று சொன்னாலும் இதன் உயிர் ஒரே ஆள்தான்: ஜான் டார்னீல். 1967இல் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். பெற்றோர் பிரிந்தபின் அம்மா மறுமணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் அம்மாவின் கணவர் கையை ஓங்குகிறவராக இருந்தார். டார்னீல் பிறகு மனநல மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தார். 1991 முதல் பாட்டுகளைப் பதிவுசெய்து வெளியிடத் தொடங்கினார். முதல் பத்தாண்டுகளில் பெரும்பாலானவற்றை அவர் பதிவுசெய்தது ஸ்டுடியோவில் இல்லை, ஒரு பானசோனிக் கேசட் ரெக்கார்டரில். நாம் டூ-இன்-ஒன் என்று சொல்வோமே, அதன் அமெரிக்க உறவு. பாட்டோடு சேர்ந்து அந்த இயந்திரத்தின் மோட்டார் சுற்றும் உறுமலும் நாடாவில் பதிந்திருக்கும். அந்தக் காலத்துப் பாட்டுகளில் வருபவர்கள் பெரும்பாலும் கற்பனை மனிதர்கள். சண்டை போடும் கணவன் மனைவி, ஊரைவிட்டு ஓடுகிறவர்கள், தோற்றுப்போனவர்கள். தன் வீட்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

2004இல் அந்த மாற்றாந்தந்தை இறந்துபோனார். 2005 ஏப்ரலில் ‘தி சன்செட் ட்ரீ’ வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆல்பம் முழுவதும் அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் நிற்கிறது.

மாற்றாந்தந்தை என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் என் பென்சில் ஒரு கணம் நிற்கும். மாற்றாந்தாய் நம் பேச்சிலும் கதையிலும் பழமொழியிலும் இருக்கிறாள். மாற்றாந்தந்தையோ அகராதியில் இருக்கிறார், வாயில் இல்லை. அம்மாவின் இரண்டாவது கணவரை என்ன சொல்லி அழைப்பது என்று நம் வீடுகள் இன்னும் முடிவு செய்யவில்லை. டார்னீல் சில பாட்டுகளில் அவரை ‘நீ’ என்று நேராகக் கூப்பிட்டே பேசுகிறார். இதைக் கவனித்துக்கொண்டே கேளுங்கள். எந்தப் பாட்டில் ‘நீ’ என்பது அந்த மனிதர், எந்தப் பாட்டில் ‘நீ’ என்பது காதலி என்று ஒவ்வொரு தாளிலும் குறித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். குழப்பம் வரும், அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வதில் பாதிக் கதை விளங்கிவிடும்.

இனி ‘திஸ் இயர்’. மூன்று முறை கேளுங்கள்.

முதல் முறை தாளைத் திருப்பி வைத்துவிடுங்கள். கிட்டாரும் பியானோவும் டிரம்ஸும் நடக்கவில்லை, ஓடுகின்றன. குரலைக் கேளுங்கள். டார்னீலின் குரல் மூக்கு வழியாக வரும், கொஞ்சம் கீச்சென்று இருக்கும். நம் காதுக்கு இனிய குரல் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பல்லால் கடித்து உச்சரிப்பார். ஒரு மெய்யெழுத்தைக்கூட விழுங்கமாட்டார். புரூஃப் பார்ப்பவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாம் முறை தாளைப் பாருங்கள். சனிக்கிழமை காலை. பையன் காரை எடுத்துக்கொண்டு மில்ஸ் அவென்யூ வழியாக வடக்கே விரட்டுகிறான். அது கலிஃபோர்னியாவில் கிளேர்மான்ட் ஊரில் உண்மையாகவே இருக்கும் சாலை. பின்னால் உடைந்த வீடு, முன்னால் நல்லது ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை. குடித்துவிட்டு வீடியோ கேம் விளையாடுகிறான். இயந்திரத்தைக் குத்திக் குத்தி விரல் முட்டிகள் காயமாகின்றன. கேத்தி என்ற பெண் வருகிறாள். ஒரே புட்டியை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள், கையைக் கோத்துக்கொள்கிறார்கள். பொழுது சாய்கிறது. மாற்றாந்தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பையன் வீடு திரும்புகிறான்.

இங்கேதான் பென்சிலை ஊன்ற வேண்டும். வீட்டு வாசலுக்குள் வண்டியைத் திருப்பும்போது கியரைக் குறைக்கிறான். வண்டி இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டு எஞ்சின் அலறுகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பாட்டு சொல்லவில்லை. நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், மோசமாகத்தான் முடிகிறது, கோபமும் பயமும் ஊர்வலமாக வருகின்றன என்று ஒரே வீச்சில் தாண்டிவிடுகிறது. அடியை அவர் பாடவில்லை. எஞ்சினைப் பாடிவிட்டார்.

எங்கள் வீட்டில் நானும் தம்பியும் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தத்தை வைத்தே அந்த இரவு எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவோம். தெருமுனையில் திரும்பும்போதே தெரியும். கியர் மாறும் சத்தம் ஒழுங்காக இருந்தால் சாப்பாடு நடக்கும். எஞ்சின் வீணாக உறுமினால் தம்பி புத்தகப்பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான், கிழிபடாமல் இருக்க. நாங்கள் உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தை இந்தப் பாட்டில் அந்தப் பையன் வெளியிலிருந்து தானே எழுப்புகிறான். தம்பி ஏன் இதை நம் வீட்டுப் பாட்டு என்றான் என்பது அந்த ஒரு வரியில் எனக்கு விளங்கியது.

அதற்கு அடுத்தபடியாக, வீடு அப்படிக் கிடக்கும்போதே, அடுத்த ஆண்டு எருசலேமில் விருந்தும் ஆட்டமும் இருக்கும் என்கிறான் பையன். யூதர்கள் பஸ்கா விருந்தை முடிக்கும்போது ‘அடுத்த ஆண்டு எருசலேமில்’ என்று சொல்லுவார்கள். அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைவுகூரும் நாள் அது. இது தெரியாமல் அந்த வரியைக் கேட்டால் ஏதோ சம்பந்தமில்லாமல் வந்த ஊர்ப்பெயர் போலத் தோன்றும். தெரிந்து கேட்டால் ஒரு கார்க் கதவுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே ஒரு பையன் எவ்வளவு பெரிய சொல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான் என்பது தெரியும்.

மூன்றாம் முறை கேட்பதற்கு முன்னால் பல்லவியைத் தமிழாக்கிப் பாருங்கள். இது கட்டாயம். வேறு எந்தப் பாட்டுக்கும் இதைச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வருஷத்தைக் கடந்தே தீருவேன், அது என்னைக் கொன்றாலும் சரி: இதுதான் பொருள். ஆனால் சொல்லிப் பாருங்கள், ஓர் இடறல் இருக்கும். கொன்றுவிட்டால் எப்படிக் கடப்பான்? ஆங்கிலத்தில் அது நாவில் புழங்கிய தொடர். யாரும் நின்று யோசிக்கமாட்டார்கள். அதை ஒரு 17 வயதுப் பையனின் வாயில், உண்மையிலேயே கொல்லக்கூடிய வீட்டுக்கு முன்னால் வைத்ததும் தொடர் மறுபடி சொல்லாகிவிடுகிறது. நான் முதலில் ‘செத்தாலும் சரி, தாண்டிவிடுவேன்’ என்று எழுதினேன். அதில் வீரம் கூடிவிட்டது. ‘உயிரே போனாலும்’ என்று மாற்றினேன். சினிமா வசனம் போல இருந்தது. கடைசியில் ‘இந்த வருஷத்தைத் தாண்டிவிடுவேன், அதற்குள் இது என்னைத் தின்றாலும்’ என்று எழுதி வைத்தேன். முழுத் திருப்தி இல்லை. உங்களுக்கு இதைவிட நல்லது அகப்படலாம். தேடுவதுதான் பயிற்சி, தேடியபின் மூன்றாம் முறை கேளுங்கள், பல்லவி வேறு பாட்டாக ஒலிக்கும்.

மறுநாள் இரவு முழு ஆல்பத்துக்கு உட்காருங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். ‘சன்செட் ட்ரீ’ ஒரு பழைய ஆங்கிலப் பக்திப் பாட்டில் வரும் சொல். சாமுவேல் பட்லர் எழுதி, அவர் இறந்தபின் 1903இல் வெளியான ‘தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்’ நாவலில் அந்தப் பாட்டு வருகிறது. சின்னப் பையன் ஒருவன் அதைப் பாடுகிறான். ‘கம்’ என்ற சொல்லை அவனால் சொல்ல முடியவில்லை, ‘டம்’ என்கிறான். பாதிரியாரான அப்பா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, அறைக்குக் கூட்டிப்போய் அடிக்கிறார். ஓர் எழுத்துக்காக. நம் குழந்தைகளும் காக்காவைத் தாத்தா என்று சொல்லும் வயதொன்று உண்டு. நாம் சிரித்துக் கன்னத்தைக் கிள்ளுகிறோம். அந்தப் பையனுக்கு அது கிடைக்கவில்லை. நாள் முழுதும் எழுத்துப் பிழையைத் தேடிப் பிழைக்கிறவள் நான். இந்தப் பெயரின் கதையைப் படித்த அன்று கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்த ஆல்பம் டூ-இன்-ஒன்னில் பதிவானது இல்லை. ஃபோர் ஏ.டி. என்ற இசை நிறுவனம் வெளியிட்டது, ஜான் வாண்டர்ஸ்லைஸ் தயாரித்தார். பீட்டர் ஹியூஸ் பேஸ் கிட்டார், எரிக் ஃபிரீட்லாண்டர் செல்லோ, வயலினின் பெரிய உறவு. அந்தச் செல்லோவைத் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிலாடிட்’ என்ற பாட்டில் அது அறுப்பதுபோல மேலும் கீழும் போகும். டிலாடிட் என்பது அபின் வகையைச் சேர்ந்த கடுமையான வலிநிவாரணி மாத்திரையின் பெயர். வலி எங்கே என்று பாட்டு சொல்லாது, செல்லோ சொல்லிவிடும்.

முதல் இரண்டு பாட்டுகளில் நிதானமாகப் போங்கள். ‘புரூம் பீப்பிள்’ என்ற இரண்டாவது பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டுச் சாமான்களின் பட்டியல்தான் அது. ஷெட்டில் 1936ஆம் ஆண்டின் ஹட்சன் கார், சிங்க்கில் கழுவாத தட்டுகள், தரையில் இரண்டடி உயரத்துக்குச் செய்தித்தாள், வெள்ளைக் கம்பளத்தில் அப்பிய நாய்ப்பூனை ரோமம், பாதி தின்ற ஐஸ்கிரீம் டப்பாக்கள். நல்ல எண்ணம் கொண்ட ஆசிரியர்களும் எதுவும் தெரியாத நண்பர்களும்கூட அந்தச் சாமான்களோடு சாமானாக வருகிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டைப் பற்றி எழுதும்போது அழுகையிலிருந்து தொடங்காமல் சாமான்களிலிருந்து தொடங்கலாம் என்று இதில்தான் கற்றேன். நீங்களும் எழுதுகிறவர் என்றால் இந்தத் தாளில் பெயர்ச்சொற்களை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள்.

‘திஸ் இயர்’ மூன்றாவது. இப்போது அதை நிறுத்தாமல், பாட்டோடு பாட்டாகக் கடந்து போங்கள். ஐந்தாவதாக வருவது ‘டான்ஸ் மியூசிக்’. அதில் நீங்கள் நின்றே ஆகவேண்டும்.

இரண்டு நிமிடம்கூட முழுதாக வராத பாட்டு. துள்ளலான மெட்டு, பக்கத்து அறையில் கேட்கிறவர் நிச்சயம் தாளம் போடுவார். சொற்களைப் பாருங்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில் ஜான்சன் அவென்யூ. பையனுக்கு வயது ஐந்து, இல்லாவிட்டால் ஆறு. முன்னறையில் தொலைக்காட்சியில், அதிபர் நிக்சன் தரப்பின் முறைகேடுகளைப் பற்றிய வாட்டர்கேட் விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது. டார்னீல் பிறந்தது 1967, வாட்டர்கேட் விசாரணை தொலைக்காட்சியில் வந்தது 1973. கணக்குச் சரியாக இருக்கிறது. நாடு முழுவதும் ஒரு பெரிய மனிதரின் பொய் வெளிப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அந்த அறையில் மாற்றாந்தந்தை கத்துகிறார். கண்ணாடித் தம்ளரை எடுத்து அம்மாவின் தலையைக் குறி வைத்து எறிகிறார். பையன் மாடிக்கு ஓடுகிறான். தரையில் வைத்திருக்கும் தன் சின்ன ரெக்கார்ட் பிளேயருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைக்கிறான். ஒலியைக் கூட்டும் திருகு எதற்காக இருக்கிறது என்று அப்போது புரிகிறது அவனுக்கு.

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, ஒலியைப் பாதியாகக் குறைத்து மறுபடி முதலிலிருந்து கேளுங்கள். அந்த வரி வரும்போது நீங்களே திருகிக் கூட்டுங்கள். சிறு குழந்தை செய்யும் காரியத்தை உங்கள் விரல் செய்யும்போது பாட்டு ஏன் இவ்வளவு துள்ளலாக இருக்கிறது என்பது விளங்கும். அவன் கேட்டுக்கொண்டிருந்த இசை அது. கீழே நடப்பதை மூடுவதற்காகப் போட்ட இசைக்குள்ளேயே நாமும் உட்கார்ந்திருக்கிறோம். சோகமான விஷயத்துக்குச் சோக மெட்டுதான் வேண்டும் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை இந்தப் பாட்டு என்னிடமிருந்து கழற்றிவிட்டது.

ஆறாவதில் தினு லிபாட்டி என்ற பெயர் வரும். 1950இல் 33 வயதிலேயே இறந்துபோன ருமேனியப் பியானோ கலைஞர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஏழாவது ‘அப் தி வுல்வ்ஸ்’. ஓநாயின் பால் குடித்து வளர்ந்த, ரோமாபுரியை நிறுவிய இரட்டையரின் கதை இதன் பின்னால் நிற்கிறது. அம்மா இல்லாத பிள்ளைகள், ஓநாய் திரும்பிவரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஊர் வானொலியைக் கைப்பற்றி, இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லப்போகிறோம் என்று ஒரு வரி வருகிறது. என் தாளில் அந்த வரியின் கீழே மூன்று கோடு இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் குழாயடியில் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்பது பழிவாங்கல் மட்டும் இல்லை. சத்தமாக ஒரு தடவை சொல்லப்பட வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாவது ‘லயன்ஸ் டீத்’ பழிவாங்கும் கனவு. சிங்கத்தின் பல்லைப் பிடித்துவிட்டான் பையன், விடமாட்டேன் என்கிறான். கனவென்று தெரிந்து கேளுங்கள்.

ஒன்பதாவதின் தலைப்பு கடினமாகத் தோன்றும்: ‘ஹாஸ்ட் தவ் கன்சிடர்ட் தி டெட்ராபாட்’. டெட்ராபாட் என்றால் நான்கு கால்களோடு தண்ணீரிலிருந்து கரையேறி வந்த உயிர்கள். முன்பாதியைப் பார்த்ததும் எனக்குத் தமிழ் வேதாகமம் நினைவுக்கு வந்தது. சபைப் புத்தகங்களுக்கும் புரூஃப் பார்த்திருக்கிறேன். யோபு புத்தகத்தில் கர்த்தர் சாத்தானிடம் “என் தாசனாகிய யோபின்மேல் கவனம்வைத்தாயோ?” என்று கேட்கிறாரே, பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தக் கேள்வி இதே சொற்களில்தான் தொடங்குகிறது. காரணமில்லாமல் அடிபட்டவனின் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, யோபு இருந்த இடத்தில் கரையேறத் தவிக்கும் ஓர் உயிரை வைத்திருக்கிறார்.

பாட்டில் மாற்றாந்தந்தை போதையில் தூங்குகிறார், உதட்டோரம் நுரை. வெளியே தென் கலிஃபோர்னியாவின் வெயில். பையன் பூனைபோலத் தன் அறைக்குள் நுழைந்து பாட்டு கேட்கிறான். அவர் விழித்துக்கொள்கிறார். கதவு. பையன் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொள்கிறான். அப்போது அவன் மனத்தில் ஓடுவது ஒன்றே ஒன்று: என் ஸ்டீரியோவை உடைத்துவிடாதே. அது இல்லாமல் மட்டும் என்னால் வாழ முடியாது.

தன் முகத்துக்காக அவன் வேண்டிக்கொள்ளவில்லை. இதையும் ‘டான்ஸ் மியூசிக்’ தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு வயதில் தரையில் இருந்த ரெக்கார்ட் பிளேயர், பிறகு ஸ்டீரியோ. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டை நீட்டினால் டார்னீலின் பானசோனிக் ரெக்கார்டர் வரும். இன்னும் நீட்டினால் உங்கள் காதில் இருக்கும் ஹெட்போன். கட்டிலுக்கு அடியில் தம்பி தள்ளிய புத்தகப்பையும் அந்தக் கோட்டில்தான் எங்கோ இருக்கிறது.

பத்தாவதைக் கேட்டுவிட்டு நகருங்கள். பதினொன்றாவது ஜமைக்காவின் ரெகே பாடகர் டெனிஸ் பிரவுனைப் பற்றியது, 1999இல் இறந்தவர். பன்னிரண்டாவது ‘லவ் லவ் லவ்’ மிக மெல்லிய பாட்டு, ஆனால் தலைப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. தன் வாளின் மேலேயே விழுந்த சவுல் ராஜா, சகோதரர்கள் விற்றுவிட்ட யோசேப்பு, குத்துச்சண்டை உறையில் டைகர் பாம் தடவிய சன்னி லிஸ்டன், கொலை செய்துவிட்டுக் குமட்டலோடு அலையும், தஸ்தயெவ்ஸ்கி நாவலின் ரஸ்கோல்னிகோவ் எல்லோரும் வரிசையாக வருகிறார்கள். சிலவற்றைக் காசுக்காகச் செய்கிறோம், சிலவற்றை அன்புக்காகச் செய்கிறோம் என்கிறது பாட்டு. அன்பின் பெயரால் எவ்வளவு கொடுமை நடக்கும் என்று தெரிந்த ஒருவர் அதைச் சொல்கிறார். நம் மருந்து அலமாரியில் இருக்கும் டைகர் பாம் அந்தப் பட்டியலில் வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எரிகிற பொருளை எதிராளியின் கண்ணுக்காகத் தடவி வைப்பது, அதையும் அன்பின் கணக்கில் சேர்ப்பது.

கடைசிப் பாட்டுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. உங்கள் வீடும் இப்படி இருந்தது என்றால் ‘டான்ஸ் மியூசிக்’கிலோ ஒன்பதாவதிலோ மூச்சு முட்டக்கூடும். எனக்கு முட்டியது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடியுங்கள். வேறொரு நாள் தொடரலாம். தனியாகக் கேட்க முடியாது என்றால் உடன்பிறந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் சேர்ந்து கேட்பது நல்லது. நானும் தம்பியும் இரண்டாம் முறை அப்படித்தான் கேட்டோம். அவன் ஓசூரில், நான் மதுரையில், போனில் மூன்று வரை எண்ணி ஒரே நேரத்தில் தொடங்கினோம். இன்னும் அப்படிப்பட்ட வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை இதைப் படித்தால், அல்லது அப்படி ஒரு பிள்ளை உங்களுக்குத் தெரிந்தால், 1098 என்ற எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது. குழாயடியில் தண்ணீர் வந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆல்பத்தின் உறையில் டார்னீல் இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறார். கொடுமைப்படுத்துகிறவர்களோடு எங்கெங்கோ வாழும் இளைஞர்களுக்கு: உயிரோடு வெளியே வந்துவிடுவீர்கள், உங்கள் கதையைச் சொல்ல இருப்பீர்கள், நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள் என்று. செத்துப்போன மாற்றாந்தந்தைக்கு: வாழும்போது உனக்குக் கிடைக்காத அமைதி இப்போது கிடைக்கட்டும் என்று. இரண்டையும் ஒரே கை எழுதியிருக்கிறது. முதலாவதை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. இரண்டாவதை எழுத என்ன வேண்டும் என்று தெரியாமல்தான் கடைசிப் பாட்டைக் கேட்டேன்.

‘பேல் கிரீன் திங்ஸ்’. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தாளை முன்னாலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். பொழுது விடியும் முன்னால் அந்த மனிதர் பையனைக் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கூட்டிப்போகிறார். அவருக்கு முதல் மாரடைப்பு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. கார் ஜன்னல்கள் இறக்கிவிடப்பட்டிருக்கின்றன. குதிரைகளுக்குப் பயிற்சி நடக்கிறது. காலடியில் தார் விரிந்து வெடித்திருக்கிறது. வெடிப்புகளிலிருந்து வெளிர் பச்சையாக என்னவோ முளைத்து வருகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் கத்தவில்லை. பிறகு, பல ஆண்டுகள் கழித்து, ஒரு டிசம்பரில் அதிகாலை மூன்று மணிக்குத் தங்கையோ அக்காவோ போன் செய்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நமக்குத் தெரிய வழியில்லை. அவர் இறந்துவிட்டார், ஒருவழியாக, ஒருவழியாக. அந்தச் செய்தி வந்ததும் நினைவுக்கு வந்தது அடி இல்லை, தம்ளர் இல்லை. அந்தப் பந்தய மைதானத்துக் காலை.

இந்தப் பாட்டை மன்னிப்பு என்று தாளில் எழுதாதீர்கள். நான் முதலில் எழுதி, பிறகு அழித்தேன். மன்னிப்பு என்ற சொல் பாட்டில் இல்லை. இல்லாததை நாம் சேர்க்கக்கூடாது. நினைவு வந்தது, அதை அவர் மறைக்கவில்லை என்பதே அதில் இருக்கிறது. முந்தைய பாட்டுகளில் அந்த மனிதர் செய்ததையெல்லாம் சொன்னபிறகு பதின்மூன்றாவதில் இதையும் சொல்கிறார். வரிசையைக் கலைக்காதீர்கள் என்று தொடக்கத்தில் கெஞ்சியதற்கு இதுதான் காரணம். இந்தப் பாட்டு முதலில் வந்தால் அந்த மனிதருக்குப் பரிந்து பேசுவதாகிவிடும். வராமலே போனால் கணக்கு முடியாது.

பாட்டு முடிந்ததும் உடனே அடுத்ததைப் போடவேண்டாம். விளக்கைப் போட்டு, கடைசித் தாளைத் திருப்பி, வெறுமையாக விட்டு வைத்த பின்பக்கத்தில் உங்கள் வீட்டிலிருந்து ஒரே ஒரு காலையை எழுதுங்கள். பெரிய விஷயமாக இருக்கவேண்டாம். இடம், ஆண்டு, கையில் என்ன இருந்தது, அது போதும். எதுவும் வரவில்லை என்றால் வெறுமையாகவே விட்டுவிடுங்கள், அதுவும் உண்மைதான்.

என் தாளில் இருப்பது: வைகை அணை, 1988, வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம். அப்பா ஒரு கடலையை உரித்துக் கொடுத்துவிட்டு, உப்பு போதுமா என்று கேட்டார்.